ஊக்கமருந்து தடுப்புக் கல்வி: எமது பிள்ளைகளுக்கு ஒரு தொழில், எமது கடைகளுக்கு ஒரு பாடம்

கொழும்பிலும் கண்டியிலும் மாத்திரமன்றி இன்று எமது சிறிய ஊர்களிலும் உடற்பயிற்சி நிலையங்கள் வந்துவிட்டன. அவற்றோடு ஒரு புதிய வியாபாரமும் வந்திருக்கிறது. புரோட்டீன் மா, கிரியேட்டின், பயிற்சிக்கு முன்னர் குடிக்கும் பானத் தூள், கொழுப்பைக் கரைக்கும் மாத்திரை என்று வண்ண வண்ண டின்கள் பாமசிகளின் கண்ணாடி அலுமாரிகளில் மேல் தட்டைப் பிடித்துக்கொண்டுள்ளன. பலசரக்குக் கடைகளிலும் அவை எட்டிப் பார்க்கின்றன. விலை அதிகம், இலாபமும் பரவாயில்லை. ஆகவே வியாபாரிகள் விரும்பி எடுக்கிறார்கள்.

இவற்றை வாங்க வருவோரில் பெரும்பாலானோர் இளைஞர்கள். அவர்களில் ஒருவர் பாடசாலை றக்பி அணியில் ஆடுபவராக இருக்கலாம். இன்னொருவர் மாவட்ட உதைபந்தாட்ட அணிக்குத் தெரிவானவராக இருக்கலாம். காசைக் கொடுக்கும் முன்னர் அவர் கேட்பது ஒரே ஒரு கேள்விதான்: "நானா, இதைக் குடித்தால் பிரச்சினை ஒன்றும் வராதே?" கடைக்காரரும் "ஒன்றும் வராது தம்பி" என்று சொல்லி டின்னைப் பையில் போட்டுக் கொடுத்துவிடுகிறார்.

இந்தக் கேள்விக்குச் சரியான பதில் சொல்வதையே தொழிலாகக் கொண்ட ஒரு துறை உலகில் வளர்ந்து வருகிறது. அதற்கு ஊக்கமருந்து தடுப்புக் கல்வி என்று பெயர். இந்த வாரம் அதைப் பற்றி எழுத இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, அது எமது பிள்ளைகள் கால் வைக்கக்கூடிய ஒரு தொழில். மற்றையது, அந்தத் தொழிலைச் செய்பவர் சொல்லும் பாடம் விளையாட்டு வீரருக்கு மட்டுமல்லாது கடைக்காரருக்கும் உரியது.

விதி என்ன சொல்கிறது?

ஒலிம்பிக் உட்பட உலக விளையாட்டுகளில் ஊக்கமருந்துப் பாவனையைக் கட்டுப்படுத்த 1999இல் 'வாடா' எனப்படும் உலக ஊக்கமருந்து தடுப்பு அமைப்பு உருவானது. அதன் தலைமையகம் கனடாவின் மொன்றியல் நகரில் இருக்கிறது. அதன் விதிக்கோவை 2004இல் நடைமுறைக்கு வந்தது. இலங்கையில் 2013ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் 'ஸ்லாடா' என்று அழைக்கப்படும் ஊக்கமருந்து தடுப்பு முகவர் நிலையம் இயங்குகிறது.

இந்த விதிக்கோவையின் அடித்தளம் ஒரே வசனத்தில் அடங்கும்: உன் உடம்பில் எது கண்டுபிடிக்கப்பட்டாலும் அதற்கு நீயே பொறுப்பு. வேண்டுமென்று எடுத்தாயா, தெரியாமல் எடுத்தாயா என்ற கேள்வி தண்டனையின் அளவைத் தீர்மானிக்கும்போதுதான் எழும். குற்றம் நிரூபணமாவதற்கு மாதிரியில் அந்தப் பொருள் இருந்தாலே போதும். 'ஸ்டீரொய்ட்' போன்ற பொருளொன்றுக்கு வழமையான தடை 4 வருடங்கள். இருபது வயது ஓட்டவீரர் ஒருவருக்கு 4 வருடங்கள் என்பது அவருடைய விளையாட்டு வாழ்வு முழுவதுமாகவே இருக்கலாம்.

பயிற்றுநரும் அணி வைத்தியரும் இவ்விதிக்கோவைக்குக் கட்டுப்பட்டவர்கள். அந்த டின்னை அறியாமல் விற்ற கடைக்காரர் கட்டுப்பட்டவர் அல்லர். விழுங்கியவருக்குத் தடை, விற்றவருக்கு இலாபம். வியாபாரத்தில் நேர்மையை மதிக்கும் எவருக்கும் இந்தக் கணக்கு நெருடவேண்டும்.

தெரியாமல் விழுந்தவர்கள்

2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் ருமேனியாவின் அன்ட்ரியா ரடுக்கான் என்ற 16 வயதுச் சிறுமி ஜிம்னாஸ்டிக்கில் தனிநபர் தங்கப்பதக்கம் வென்றார். தடிமலுக்காக அணி வைத்தியர் கொடுத்த மாத்திரையில் 'சூடோஎபிட்ரின்' இருந்தது. அது அன்று தடைசெய்யப்பட்ட பொருள். பதக்கம் பறிபோனது. வைத்தியரும் தண்டிக்கப்பட்டார், ஆனால் சிறுமியின் பதக்கம் திரும்பி வரவில்லை.

2002இல் அமெரிக்காவின் சோல்ட் லேக் சிட்டியில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில் ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த பனிச்சறுக்கு வீரர் அலன் பக்ஸ்டர் வெண்கலம் வென்றார். மூக்கடைப்புக்கு அவர் அங்கே ஒரு 'விக்ஸ் இன்ஹேலர்' வாங்கிப் பாவித்திருந்தார். தனது நாட்டில் அதே பெயரில் அவர் பாவித்து வந்த பொருள்தான். ஆனால் அமெரிக்கத் தயாரிப்பில் வேறொரு மூலப்பொருள் சேர்ந்திருந்தது. வெண்கலம் போய்விட்டது. வெளிநாட்டிலிருந்து பொருள் இறக்குவோர் இந்தச் சம்பவத்தைக் கொஞ்சம் நின்று யோசிக்கவேண்டும். வர்த்தகப் பெயர் ஒன்றாக இருந்தால் உள்ளே இருப்பதும் ஒன்று என்று நினைப்பது எத்தனை பெரிய தவறு!

எமது நாட்டுக்கு வருவோம். 2011 உலகக் கிண்ணத்தின்போது பெறப்பட்ட உபுல் தரங்கவின் மாதிரியில் 'பிரெட்னிசோலோன்' வகை மருந்து இருந்தது. தோள்பட்டை உபாதைக்கு எடுத்த மூலிகை மருந்தின் மூலம் அது உடலில் சேர்ந்ததாக அவர் விளக்கினார். விளையாட்டுத் திறனைக் கூட்டும் எண்ணம் அவருக்கு இருக்கவில்லை என்பது ஏற்றுக்கொள்ளப்பட்டது. அப்படியிருந்தும் மூன்று மாதத் தடை கிடைத்தது. 'மூலிகைதானே, ஒன்றும் செய்யாது' என்று சொல்லி விற்பவர்களுக்கு இது ஒரு நல்ல பாடம்.

அதே 2011இல் எமது தேசிய றக்பி அணியைச் சேர்ந்த மூவரின் மாதிரிகளில் 'மெத்தில்ஹெக்ஸேனமீன்' கண்டுபிடிக்கப்பட்டது. அக்காலத்தில் பயிற்சிக்கு முன்னர் குடிக்கும் பானத் தூள்கள் பலவற்றில் சேர்க்கப்பட்டிருந்த பொருள் அது. சில டின்களில் அந்தப் பெயரே அச்சிடப்பட்டிருக்காது. ஜெரேனியம் செடியின் சாறு என்று போட்டிருப்பார்கள். அதை வாசிக்கும் சாதாரண மனிதருக்கு என்ன விளங்கும்?

இதற்கு மறுபக்கமும் உண்டு. 2015 டிசம்பரில் குசல் பெரேராவின் மாதிரியில் தடைசெய்யப்பட்ட பொருள் இருப்பதாக கட்டாரிலுள்ள ஆய்வுகூடம் அறிவித்தது. அவர் நியூசிலாந்துச் சுற்றுப்பயணத்திலிருந்து திருப்பி அழைக்கப்பட்டார். 2016இன் ஆசியக் கிண்ணத்தையும் ரி20 உலகக் கிண்ணத்தையும் இழந்தார். பின்னர் அந்த முடிவு நிலைக்கத்தக்கதல்ல என்று தெரியவந்து, 2016 மே மாதத்தில் சர்வதேச கிரிக்கெட் சபை குற்றச்சாட்டை வாபஸ் பெற்றது. சோதனை முறையும் தவறலாம். அவ்வாறு தவறும்போது தனக்குள்ள உரிமைகள் எவை என்பதை வீரர் அறிந்திருக்கவேண்டும். கிரிக்கெட் வீரருக்குப் பின்னால் ஒரு சபையும் சட்டத்தரணிகளும் நின்றார்கள். கிண்ணியாவிலிருந்து வரும் ஓட்டவீரருக்குப் பின்னால் யார் நிற்பார்கள்?

'இது என்ன தொழில்?'

எனது ராத்தாவின் மகன் இத்துறையில் இருக்கிறார். வயது 29. உயர்தரத்தில் உயிரியல் படித்து, மருத்துவ பீடம் கிடைக்காமல், மருந்தாளராகத் தகைமை பெற்று, ஒரு பாமசியில் மூன்று வருடங்கள் வேலை செய்தவர். பாடசாலைக் காலத்தில் உதைபந்தாட்டம் ஆடியவர். வீரர்களுக்கு மருந்துகளைப் பற்றித் தமிழிலும் சிங்களத்திலும் விளக்கக்கூடிய ஒருவர் தேவை என்று ஒரு விளையாட்டு அமைப்பு தேடியபோது பகுதிநேரமாகச் சேர்ந்தார். இன்று அதுவே அவருடைய முழுநேரத் தொழில்.

கலியாண வீடுகளில் உறவினர்கள் "மகன் எங்கே வேலை?" என்று கேட்டால் ராத்தாவுக்குப் பதில் சொல்வது சிரமம். சிலர் அவர் போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு மைதானத்தில் சிறுநீர் சேகரிப்பவர் என்று நினைத்துவிட்டார்கள். மாதிரி எடுப்பது வேறு அதிகாரிகளின் பணி. அவருடைய பணி, மாதிரி எடுக்க யாராவது வருவதற்கு முன்னரே அந்த வீரரைச் சந்திப்பது.

2021 ஜனவரி முதலாம் திகதி தொடக்கம் வாடாவின் கல்விக்கான சர்வதேச நியமம் நடைமுறைக்கு வந்தது. ஊக்கமருந்து தடுப்போடு ஒரு வீரருக்கு ஏற்படும் முதல் அறிமுகம் சோதனையாக இல்லாமல் கல்வியாக இருக்கவேண்டும் என்பது அதன் அடிப்படைக் கோட்பாடு. வாடாவின் விதிக்கோவையில் கைச்சாத்திட்ட அமைப்புகள் கல்வித் திட்டமொன்றை வகுத்து நடைமுறைப்படுத்தவேண்டியது கட்டாயமாக்கப்பட்டது. விரும்பினால் செய்யலாம் என்றிருந்த ஒரு வேலை அன்றுதான் ஒழுங்கான தொழிலாக மாறத் தொடங்கியது.

மருமகனின் வகுப்பை நான் ஒருமுறை பின்வரிசையில் இருந்து கேட்டேன். பயிற்சி முகாம் ஒன்றில் முப்பது பிள்ளைகள் இருந்தார்கள். அவர் தடைசெய்யப்பட்ட பொருட்களின் பட்டியலை மனனம் செய்யச் சொல்லவில்லை. அந்தப் பட்டியல் ஒவ்வொரு வருடமும் ஜனவரி முதலாம் திகதி புதுப்பிக்கப்படுவது; மனனம் செய்வதில் பயனில்லை. சாதாரண தடிமல் மாத்திரைகளின் உறைகளைக் கொடுத்து, பின்புறத்தில் உள்ள சிறிய எழுத்தை வாசிக்கச் சொன்னார். பாதிப் பேருக்கு எங்கே பார்ப்பதென்றே தெரியவில்லை. வைத்தியரிடம் போனால் முதல் வார்த்தையாக "நான் விளையாட்டு வீரன்" என்று சொல்லுங்கள் என்றார். நோய்க்குத் தடைசெய்யப்பட்ட மருந்து அவசியமானால் அதற்கு அனுமதி பெறும் முறை இருக்கிறது, மருந்தை மறைக்கவும் வேண்டாம், பயந்து நிறுத்தவும் வேண்டாம் என்றார். பின்னர் சோதனை எப்படி நடக்கும் என்பதைப் படிப்படியாகச் சொன்னார்: குறைந்தது 90 மில்லிலீற்றர் சிறுநீர், அதை 'ஏ', 'பீ' என இரண்டு போத்தல்களில் தன் கையாலேயே பிரித்து மூடுவது, படிவத்தில் அண்மையில் எடுத்த மருந்துகளை எழுதுவது, கையெழுத்திடும் முன்னர் வாசிப்பது, 'பீ' போத்தலைத் திறந்து பார்க்கும்படி கோரும் உரிமை. ஒரு பிள்ளை எழுந்து, "சேர், எங்கள் கோச் தரும் விட்டமினை வேண்டாம் என்று சொல்லலாமா?" என்று கேட்டது. அறை அமைதியானது. "அதன் பெயரை எழுதித் தரும்படி கேளுங்கள். பெயர் தெரியாத எதையும் விழுங்கவேண்டாம்" என்பது அவருடைய பதில்.

இந்த ஒரு பதிலுக்காகவே இந்தத் தொழில் தேவை என்பது எனது கருத்து.

இத்தொழிலில் பெரிய பணம் இல்லை என்பதையும் சொல்லவேண்டும். நிரந்தரப் பதவிகள் குறைவு. வளைகுடாவுக்குப் போன நண்பர்களின் வருமானத்தோடு மருமகனின் வருமானத்தை ஒப்பிட முடியாது. ஆனால் வழி மூடப்பட்டதும் அல்ல. மருந்தியல் மட்டுமன்றி விளையாட்டு விஞ்ஞானம், போசாக்கு, சட்டம், ஆசிரியத் தொழில் ஆகியவற்றிலிருந்தும் இத்துறைக்குள் வரலாம். சப்ரகமுவ பல்கலைக்கழகத்தில் விளையாட்டு விஞ்ஞானத்தில் பட்டம் படிக்கலாம். வாடாவின் 'அடெல்' எனும் இணையக் கல்வித் தளத்தில் இலவசமாகப் பாடநெறிகள் உள்ளன. கையடக்கத் தொலைபேசி இருந்தால் இன்றிரவே ஆரம்பிக்கலாம். கட்டார், ஐக்கிய அரபு இராச்சியம் போன்ற நாடுகளிலும் தேசிய ஊக்கமருந்து தடுப்பு அமைப்புகள் இருக்கின்றன. தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் விளக்கக்கூடிய எமது பிள்ளைகளிடம் ஏற்கனவே ஒரு மூலதனம் உண்டு. வைத்தியர், பொறியியலாளர், இல்லாவிட்டால் கடை என்ற மூன்று வாசல்களை மட்டுமே காட்டி வளர்க்கும் பழக்கத்தை நாம் விடவேண்டும்.

ஏமாற்ற நினைப்பவரை வகுப்பு திருத்துமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலும் திருத்தாது. வேண்டுமென்றே ஊசி ஏற்றுபவரைப் பிடிப்பதற்குச் சோதனைதான் வழி. ஆனால் மேலே சொன்ன சிறுமியும் பனிச்சறுக்கு வீரரும் ஏமாற்ற நினைத்தவர்கள் அல்லர். தெரியாமையால் விழுபவரைச் சோதனை பிடிக்குமே தவிர காப்பாற்றாது. காப்பாற்றக்கூடியது முன்கூட்டியே சொல்லப்பட்ட ஒரு வார்த்தை மாத்திரம்தான். தீ விபத்துக்குப் பின்னர் காப்புறுதி எடுக்க முடியாது என்பது வியாபாரிகளாகிய எமக்குத் தெரியாததா?

எமது அலுமாரிக்கு வருவோம்

2000, 2001ஆம் ஆண்டுகளில் ஜேர்மனியின் கொலோன் நகர ஆய்வுகூடம், சர்வதேச ஒலிம்பிக் குழுவின் நிதியுதவியுடன் ஓர் ஆய்வு நடத்தியது. 13 நாடுகளின் சந்தையில் வாங்கிய 634 போசாக்குப் பொருட்களைப் பரிசோதித்தார்கள். அவற்றில் 94இல், அதாவது நூற்றுக்கு 14.8 வீதமானவற்றில், உறையில் குறிப்பிடப்படாத ஸ்டீரொய்ட் வகைப் பொருட்கள் இருந்தன. உறையை ஒழுங்காக வாசித்தவரும் தப்பியிருக்க முடியாது. அதற்குப் பின்னர் உற்பத்தி முறைகள் மாறியிருக்கின்றன, பிரச்சினை தீர்ந்துவிடவில்லை. அதனால்தான் இன்று சில நிறுவனங்கள் தமது பொருளின் ஒவ்வொரு உற்பத்தித் தொகுதியையும் சுயாதீன ஆய்வுகூடத்தில் பரிசோதித்து 'இன்ஃபோம்ட் ஸ்போர்ட்' போன்ற முத்திரையைப் பெறுகின்றன. அதுவும் ஆபத்தைக் குறைக்குமே தவிர அடியோடு நீக்காது.

இந்நிலையில் ஒரு கடைக்காரர் என்ன செய்யலாம்? மருமகனிடம் கேட்டேன். அவர் சொன்னவை எல்லாம் செலவில்லாத காரியங்கள்.

முதலாவது, "ஒன்றும் வராது" என்ற உத்தரவாதத்தைக் கொடுக்காதீர்கள். "நீங்கள் போட்டிகளில் விளையாடுபவரா?" என்று திருப்பிக் கேளுங்கள். ஆம் என்றால், அணி வைத்தியரிடமோ விளையாட்டுச் சங்கத்திடமோ கேட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். ஒரு டின் விற்பனை ஒரு நாள் பிந்தலாம், அவ்வளவுதான்.

இரண்டாவது, பெரிய டின்னை உடைத்து சிறிய பைகளில் போட்டு விற்பதை நிறுத்துங்கள். விலை கட்டுப்படியாகாத இளைஞருக்கு உதவி செய்வதாக நினைத்துச் சிலர் இதைச் செய்கிறார்கள். அந்தப் பையில் பெயருமில்லை, தொகுதி இலக்கமுமில்லை, காலாவதித் திகதியுமில்லை. பல பொருட்களுக்கு ஒரே கரண்டியைப் பாவித்தால் ஒன்றிலிருப்பது மற்றதிலும் சேரும்.

மூன்றாவதுதான் மிக முக்கியமானது: பற்றுச்சீட்டில் பொருளின் முழுப் பெயரையும் தொகுதி இலக்கத்தையும் எழுதுங்கள், பிரதியை வைத்திருங்கள். காரணம் இதுதான். ஒரு வீரரின் மாதிரியில் ஏதாவது கண்டுபிடிக்கப்பட்டு, அது கலப்படமான போசாக்குப் பொருளிலிருந்து வந்தது என்றும் தன்னிடம் பெரிய கவனயீனம் இருக்கவில்லை என்றும் அவரால் நிரூபிக்க முடிந்தால், தண்டனை குறையும். 2021ஆம் ஆண்டின் விதிக்கோவைப்படி அது வெறும் எச்சரிக்கையிலிருந்து ஆகக்கூடியது 2 வருடத் தடை வரையில் அமையலாம். ஆனால் நிரூபிக்கவேண்டியது அவர். எதைக் கொண்டு நிரூபிப்பார்? அதே தொகுதியைச் சேர்ந்த, திறக்கப்படாத ஒரு டின்னைக் கண்டுபிடித்துப் பரிசோதிக்கவேண்டும். அவர் அதை எங்கே, எப்போது வாங்கினார் என்பதற்கு அத்தாட்சி வேண்டும். 'பொருட்கள் 2, மொத்தம் 18,500 ரூபா' என்று மட்டும் எழுதிய துண்டுச் சீட்டு அங்கே எதற்கும் உதவாது. ஒழுங்காக எழுதிய பற்றுச்சீட்டு ஓர் இளைஞரின் சில வருடங்களை மீட்டுக் கொடுக்கலாம்.

நான்காவது, எங்கிருந்து வந்தது என்று தெரியாத பொருளை எடுக்காதீர்கள். மருந்துகளுக்கும், மருந்துக்கும் உணவுக்கும் இடைப்பட்ட எல்லைக்கோட்டுப் பொருட்களுக்கும் 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை இருக்கிறது. பயணப் பொதியில் வந்த டின்னுக்கு விலை குறைவாக இருக்கலாம். பிரச்சினை வரும்போது அதற்குப் பொறுப்புச் சொல்ல இறக்குமதியாளர் என்று எவரும் இருக்கமாட்டார்.

எமது வீடுகளில் ஒரு பிஸ்கட் பக்கற்றைக்கூட பின்புறம் திருப்பி, உள்ளே என்ன சேர்த்திருக்கிறார்கள் என்று வாசித்துவிட்டுத்தான் வாங்குகிறோம். அந்தப் பழக்கம் எமக்குப் புதிதல்ல. அதை அலுமாரியின் மேல் தட்டுக்கும் கொண்டுபோகவேண்டும் என்பதே வேண்டுகோள்.

வர்த்தகர்களால் முடிந்த இன்னொரு காரியமும் உண்டு. எமது ஊர்களில் நடக்கும் உதைபந்தாட்ட, கிரிக்கெட் சுற்றுப்போட்டிகளுக்குப் பணம் கொடுப்பவர்கள் பெரும்பாலும் வர்த்தகர்களே. கிண்ணம் எமது செலவு, சாப்பாடு எமது செலவு, பிள்ளைகளின் மேற்சட்டையில் எமது கடையின் பெயர். அடுத்த முறை பணம் கேட்டு வரும் கழகச் செயலாளரிடம் ஒரு நிபந்தனை வையுங்கள்: போட்டிக்கு முன்னர் ஒரு மாலை நேரத்தில் பிள்ளைகளுக்கு அரை மணித்தியால வகுப்பு. பயிற்றுநரும் உள்ளூர் பாமசிக்காரரும் வந்து அமரவேண்டும். வகுப்பெடுக்கக்கூடிய ஒருவரைத் தரும்படி விளையாட்டுச் சங்கத்தினூடாக 'ஸ்லாடா'விடம் கேட்கலாம். அவருடைய போக்குவரத்துச் செலவை நாம் கொடுக்கலாம்.

ஒரு கிண்ணத்தின் விலையைவிட அது குறைவு. எமது கடையின் பெயரை நெஞ்சில் தாங்கி ஓடும் பிள்ளை, எமது கடை டின்னால் தடை வாங்கி வீட்டில் உட்காரக்கூடாது அல்லவா?